தஞ்சாவூருக்குப் போகும் டிஸ்க்

வீட்டுக்கு ஒரு நாஸ் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாட்ஸப்பில் துண்டு துண்டாகப் பதில் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. நாஸ் என்பது ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைத்த ஒரு சின்னப் பெட்டி, ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்கும், வீட்டில் இருக்கிற போன், லேப்டாப், டிவி எதிலிருந்தும் அதில் இருப்பதைப் பார்க்கலாம், புதிதாகப் போட்டும் வைக்கலாம்.

எனக்கு இந்த அக்கறை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2017இல் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துவைத்தோம். படங்கள், வீடியோ எல்லாவற்றையும் ஒரு 2 டி.பி. போர்ட்டபிள் டிஸ்க்கில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். 2022இல் ஒருநாள் எடுத்துச் செருகினால் டிக் டிக் என்று சத்தம்தான் வந்தது. ரிச்சி தெருவில் ஒருவரிடம் கொடுத்து, அந்த டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு செலவழித்து மீட்கப் பார்த்தோம். படங்கள் பெரும்பாலும் கிடைத்தன, வீடியோ கிடைக்கவில்லை. அப்பா அதற்கு முந்தைய வருடமே தவறிவிட்டார். மாலை மாற்றும்போது அவர் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது அந்த வீடியோவில்தான் இருந்தது, என்ன சொன்னார் என்று அம்மாவுக்கும் இப்போது ஞாபகமில்லை.

அதனால் யார் கேட்டாலும் எந்தப் பெட்டி என்பதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இன்னொரு பிரதி எந்த ஊரில் இருக்கப்போகிறது? கடையில் இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டியைக் காட்டி, ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும், ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும், பேக்கப் தானாக நடந்துவிடும் என்பார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நம்பாதீர்கள். ரெய்டு 1 என்கிற அந்த ஏற்பாடு டிஸ்க் பழுதானால் வேலை நின்றுபோகாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். பிள்ளைகள் தெரியாமல் ஒரு போல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். பெட்டி திருடு போனாலோ தண்ணீர் புகுந்தாலோ இரண்டும் சேர்ந்தே போகும்.

தண்ணீர் என்பதைச் சும்மா சொல்லவில்லை. நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரம். 2015 டிசம்பரில் முடிச்சூரில் சித்தி வீட்டின் தரைத்தளம் முழுக்க மூழ்கியது. கம்ப்யூட்டரும், அதிலிருந்து நகலெடுத்து வைத்த டிஸ்க்கும், கல்யாண ஆல்பங்களும் ஒரே அறையில் இருந்தன. சித்தப்பா கவனமான மனிதர், எல்லாவற்றையும் இரண்டு பிரதி வைத்திருந்தவர். அறை ஒன்று என்பதால் எதுவும் மிஞ்சவில்லை.

2023 ஆகஸ்டில் வாங்கப் போனபோது என் கையில் பெட்டிக்கும் இரண்டு டிஸ்க்குக்கும்தான் பணம் இருந்தது. (பெட்டியின் விலையில் டிஸ்க் சேராது, அதைத் தனியாக வாங்க வேண்டும், பலருக்கு இது பில் போடும்போதுதான் தெரிகிறது.) இரண்டையும் உள்ளே போடச் சொன்னார்கள். நான் ஒன்றை மட்டும் உள்ளே போட்டேன். இன்னொன்றை வெளியே யு.எஸ்.பி.யில் மாட்டுகிற டிஸ்க்காக வாங்கி, முழுவதையும் நகலெடுத்து, தஞ்சாவூரில் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பணம் சேர்ந்தபோது உள்ளே இரண்டாவது டிஸ்க்கைப் போட்டுக்கொண்டேன், இருந்த ஃபைல்களை அழிக்காமலே அது ஜோடியாகச் சேர்ந்துகொண்டது. பணம் குறைவாக இருந்தால் நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள். ஜோடி டிஸ்க் பிறகு வரலாம், வெளியூர் டிஸ்க் முதல் நாளே வேண்டும். ஒரு டிஸ்க் வீட்டில், ஒன்று வெளியூரில் என்றிருக்கிற வீடு, இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிற வீட்டைவிட எவ்வளவோ பத்திரமானது.

சரி, பெட்டி. நான் வாங்கியது சினாலஜி நிறுவனத்தின் டி.எஸ். 223. இரண்டு டிஸ்க் போடலாம், பெரிய வேகம் ஒன்றும் கிடையாது, ஆனால் எங்கள் தேவைக்கு நிறைய. இதில் நான் பார்த்தது இரண்டே விஷயம்: பிடிஆர்எஃப்எஸ் என்கிற கோப்பு முறை இருக்கிறதா, மென்பொருளை அம்மாவால் பயன்படுத்த முடியுமா. பிடிஆர்எஃப்எஸ் இருந்தால் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், அதாவது நேற்று இரவு இந்த போல்டர் எப்படி இருந்ததோ அந்த நிலையைப் பெட்டியே பதிந்து வைத்துக்கொள்ளும், இன்று யாராவது அழித்துவிட்டால் நேற்றைக்குத் திரும்பிப் போகலாம். எங்கள் வீட்டில் இது இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது. எல்லா மாடலிலும் இருக்காது, கேட்டு வாங்குங்கள். கியூநாப், டெராமாஸ்டர் பெட்டிகளும் நல்லவைதான். பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் அதில் ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டும் நாஸ் ஆக்கலாம், நோண்டிப் பார்ப்பதில் விருப்பம் இருப்பவர்களுக்கு அது அருமையான வழி. நான் ஊரில் இல்லாதபோதும் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடாமல் ஓட வேண்டும் என்பதால் ரெடிமேட் பெட்டிக்குப் போனேன். ரவுட்டரிலேயே இருக்கிற யு.எஸ்.பி. ஓட்டையில் டிஸ்க்கை மாட்டிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். படம் பார்க்கப் போதும், ஒரே பிரதியாக இருக்கிற ஃபைலை அதில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, 2025 ஏப்ரலில் சினாலஜி தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தன் டிஸ்க்குகளையும் தான் சான்றளித்தவற்றையும்தான் போட வேண்டும் என்று அறிவித்தது, கடும் எதிர்ப்பு வந்து அக்டோபரில் அதன் நாஸ் மென்பொருளான டி.எஸ்.எம்.மின் 7.3 பதிப்பு வந்தபோது அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதனால் எந்த மாடலானாலும், வாங்கும் முன் அதற்கு எந்த டிஸ்க்குகள் ஒத்துவரும் என்ற பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

டிஸ்க் விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என்று இரண்டு வகை உண்டு. சி.எம்.ஆரில் எழுதும் தடங்கள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே இருக்கும். எஸ்.எம்.ஆரில் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒரு தடம் அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும், அதே இடத்தில் அதிகம் அடக்குவதற்காக. கூரையில் நடுவில் இருக்கும் ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் மேலே ஏறியிருப்பவற்றையும் எடுத்து வைக்க வேண்டுமல்லவா, அதேபோல் எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் நடுவில் ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். எப்போதோ ஒருமுறை நகலெடுக்கிற போர்ட்டபிள் டிஸ்க்குக்கு இது பரவாயில்லை. நாஸுக்குள் ஒரு டிஸ்க் கெட்டு, புதியதை மாட்டி, முழுவதையும் மறுபடி எழுதுகிற நேரத்தில் இது இழுத்தடித்துவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி) நாஸுக்கென்று விற்ற ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டி.பி. வரையிலான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்பது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகு சி.எம்.ஆர். டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்து விற்கிறார்கள். பெயரில் பிளஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சீகேட் என்றால் ஐயன்வுல்ஃப். இரண்டுக்குமே 3 வருட வாரண்டி. சிசிடிவிக்கான டிஸ்க்கைக் கொஞ்சம் விலை குறைத்து, இதுவும் அதே மாதிரிதான் என்று கொடுக்கப் பார்ப்பார்கள். அது கேமரா பதிவை நிற்காமல் எழுதுவதற்கென்று செய்தது, இதற்கு வேண்டாம். டிஸ்க் கைக்கு வந்ததும் மாட்டி, இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள், புதியது என்றால் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு பெரியது வேண்டும்? எங்கள் போனில் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 எம்.பி. பிடிக்கிறது. வீட்டில் இருந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தேன், 1.3 டி.பி. வந்தது. அதனால் 4 டி.பி. டிஸ்க்காக எடுத்தேன். 4 என்று வாங்கினால் திரையில் 3.6 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம், எண்ணுகிற முறை வேறு.

முதல் முறை நகலெடுத்தபோது ஒரு ராத்திரி முழுக்க ஓடியும் பாதி முடியவில்லை. வினாடிக்கு 11 எம்.பி.தான் போய்க்கொண்டிருந்தது. பெட்டியே மெதுவானதோ என்று சோர்ந்துபோய், கடைசியில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 100 எம்.பி.பி.எஸ். என்று இருந்தது. அது பிட் கணக்கு, எட்டால் வகுத்தால்தான் எம்.பி. வரும். நான் மாட்டியது இணைய இணைப்பு போட வந்தவர் விட்டுப்போன பழைய கேபிள், உள்ளே நான்கு கம்பிதான். அதைப் போலப் பத்து மடங்கான ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். புது கேட் 6 கேபிள் மாட்டியதும் 110 எம்.பி. வந்தது. 1 டி.பி.க்கு ஒரு நாளுக்கு மேல் ஆகவேண்டியது இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. ஆகவே பெட்டியைத் திட்டும் முன் கேபிளைப் பாருங்கள், ரவுட்டரில் ஜிகாபிட் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரண்ட் செலவைப் பற்றி அம்மா முதலிலேயே கேட்டார். சுமார் 15 வாட் என்று வைத்தால், இரவு பகல் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள்தான். அதைவிட முக்கியம் கரண்ட் போகும் விதம். எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்றால் ஃபைல் கெடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறுகிற அந்தக் கணத்தில் பெட்டி அணைந்து எழுந்தது, அதனால் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கி யு.எஸ்.பி. கேபிளில் இணைத்துவிட்டேன், பேட்டரி இறங்கினால் பெட்டி ஒழுங்காகத் தானே மூடிக்கொள்கிறது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்து எங்கள் தெருவில் தண்ணீர் நின்று நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, அலமாரியின் மேல் தட்டில் அது அமைதியாக அணைந்து கிடந்தது. டிஸ்க் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது என்பதால் அன்று நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை, அரிசியையும் பேட்டரி விளக்கையும் பற்றித்தான் யோசித்தேன்.

வெளியிலிருந்து பார்க்கிற வசதிக்காக ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து யாரும் நேரே பெட்டிக்கு வரக்கூடிய வழி) திறந்துவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற பணயத் தாக்குதல் இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, குடும்பப் படங்களை எல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி 0.01 பிட்காயின் கேட்டது. அதே வருடம் ஜூனில் டபிள்யூடியின் பழைய மை புக் லைவ் டிஸ்க்குகள் உலகம் முழுக்கத் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன, காலையில் எழுந்து பார்த்தவர்களுக்குக் காலி டிஸ்க். அந்த மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பு நின்று பல வருடம் ஆகியிருந்தது. நாங்கள் டெயில்ஸ்கேல் பயன்படுத்துகிறோம், போர்ட் திறக்காமலே நம் கருவிகளை மட்டும் தமக்குள் இணைத்துக்கொள்கிற செயலி அது, அம்மாவின் போனில் ஒருமுறை போட்டுக்கொடுத்தேன், தஞ்சாவூரில் இருந்தபடியே பேரன் படங்களைப் பார்க்கிறார்.

இப்போது வெளியூருக்கு மாறி மாறிப் போய்வருகிற டிஸ்க்குகள் இரண்டு. ஒன்று இங்கே வாராவாரம் தானாக நகலெடுத்துக்கொள்கிறது, ஒன்று அம்மாவின் பீரோவில். தம்பி உழவன் எக்ஸ்பிரஸில் வரும்போது அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவான், போகும்போது இங்கே இருப்பதை எடுத்துப் போவான். வழியில் தொலைந்தாலும் யாரும் திறக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற கவரில் இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தம்பி அவனுடைய லேப்டாப்பில் செருகி, நான் சொல்கிற ஒரு படத்தை எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும், பெட்டி இல்லாமலே திறக்கிறதா என்று பார்ப்பதற்காக. போன தடவை மீட்ட படங்களில் ஒன்றைக் கேட்டேன், அப்பா திருக்கடையூர் குளக்கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். இரண்டு நிமிடத்தில் வந்தது.

அடுத்து தாத்தாவின் கேசட்டுகள். பதினொன்று இருக்கின்றன. டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்து கிடக்கிறது, கீழவாசல் பக்கம் கிடைக்குமா என்று தம்பி தேடிக்கொண்டிருக்கிறான்.