தண்ணீரோடு மல்லுக்கட்டு: காட்பாடி ஆய்வகக் குறிப்புகள்

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். காட்பாடி ரயில்வே பாலத்து நெரிசலைத் தாண்டுவதற்குள் சட்டை தொப்பலாகிவிட்டது. இன்றும் அதே எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியில் எந்த அலையை மாதிரி எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கும் கருவி), அதே மாட்டு ஆல்புமின் (மாட்டு ரத்தத்துப் புரதம்). புரதத்தின் மடிப்பைக் காட்டிக்கொடுக்கும் உறிஞ்சல் பட்டையான அமைடு 1, சென்டிமீட்டருக்கு 1600 முதல் 1700 அலைகள் வரையிலான பகுதியில் விழும். மடிப்பு ஆல்ஃபா சுருளாக இருந்தால் 1655 பக்கம், பீட்டா தாளாக இருந்தால் 1630 பக்கம். இந்தப் பாழாய்ப்போன தண்ணீரும் சரியாக 1645-இல்தான் வந்து உட்காருகிறது! 10 மைக்ரான் தண்ணீரே அங்கே வரும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிடும். அதனால் செல்லை, அதாவது கரைசலை அடைக்கும் இடுக்கை, 8 மைக்ரானுக்கு இறுக்கியிருக்கிறோம். இரண்டு கால்சியம் புளோரைடு சன்னல்களுக்கு நடுவே ஒரு குமிழி சிக்கினால் போச்சு. சிரிஞ்சை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல்தான் வலிக்கிறது, குமிழி அசைவதில்லை.

"கனநீர்ல கரைச்சுப் பாரேன்ப்பா" என்றார் சார். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள தண்ணீர். பார்க்கலாம். தண்ணீர்ப் பட்டை 1200 பக்கம் ஒதுங்கிவிடும். ஆனால் புரதத்தின் ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றாக டியூட்டீரியமாக மாறி, பீக்கும் நகர்ந்துகொண்டே போகும். நம் உடம்பில் ஓடுவது கனநீரா என்ன?

மே 9, வெள்ளி

பெங்களூரிலிருந்து டெமோ கருவி வந்து இறங்கியது. உள்ளே அகச்சிவப்பு ஒளி தரும் குவாண்டம் கேஸ்கேடு லேசர். 1994-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த சங்கதி. எலக்ட்ரான் படிப்படியாக இறங்க, படிக்கு ஒரு ஃபோட்டான் உதிரும். குறைக்கடத்தி அடுக்குகளின் தடிமனை மாற்றினால் அலைநீளமும் மாறும். எஃப்டிஐஆரில் ஒளி தருவது சூடேறிய வெறும் சிலிக்கன் கார்பைடு கம்பி. அகல்விளக்குக்குப் பக்கத்தில் டார்ச் அடித்த மாதிரி இருக்கிறது வித்தியாசம். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2015-லேயே 38 மைக்ரான் தண்ணீருக்குள் புரதத்தை அளந்துவிட்டார்கள். அந்தத் தடிமனைத் தாண்டி வருவது பல ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான். லேசருக்கு அது போதும்.

மே 12, திங்கள்

25 மைக்ரான் செல். கனநீர் இல்லாத சாதாரண பஃபர் கரைசல் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) வழுக்கிக்கொண்டு உள்ளே போனது; அதுவே பாதி நிம்மதி. ஆல்புமினை 70 டிகிரிக்கு மேல் சூடாக்கினோம். 1655 மெல்லச் சரிய, 1620 பக்கம் ஒரு தோள் முளைத்து உயர்ந்தது. விரிந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதன் அடையாளம். கண்ணெதிரே கோடு மாறுவதைப் பார்க்கும்போது டீ ஆறிப்போனதே தெரியவில்லை.

தொல்லையும் உண்டு. லேசரின் திறன் துடிப்புக்குத் துடிப்பு கொஞ்சம் ஆடுகிறது. பஃபரையும் புரதத்தையும் ஒரே வெப்பநிலையில் அளக்காவிட்டால், புரதக் கோட்டிலிருந்து பஃபர் கோட்டைக் கழிக்கும் கணக்கு சொதப்பும், ஏனென்றால் சூட்டுக்குத் தக்கபடி தண்ணீர்ப் பட்டையும் நகரும். இதில் அறை ஏசி வேறு நினைத்தபோது நின்று நின்று ஓடுகிறது. அப்புறம் காற்றிலுள்ள ஈரம், அதுவும் இதே பகுதியில் ஒளியை விழுங்கும். அதற்கு உலர் நைட்ரஜன் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மே 14, புதன்

பெட்டி கட்டியாயிற்று. விலையைக் கேட்டதும் சார் மின்விசிறியைப் பார்த்தார். என்னைக் கேட்டால், வெறும் பீக் பார்க்க எஃப்டிஐஆரே போதும். 1050 பக்கம் சர்க்கரையைத் தேடவும் அதுதான் தோது, ஏனென்றால் இந்த லேசர் அவ்வளவு தூரம் எட்டாது. குரோமடோகிராஃபியிலிருந்து (கலவையைக் குழாயில் ஓடவிட்டுப் பிரிக்கும் முறை) ஓடிவரும் புரதத்தை ஓட்டத்திலேயே அளக்கத்தான் இது வேண்டும். திட்ட வரைவில் அதை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடிக்கும் தனியாகத் தொகை கேட்க வேண்டும். இந்தக் கற்றை கண்ணுக்கே தெரியாது.