கேதார்காந்தா குளிர்ல லைனர் போட்டு தூங்குன கதை

டிசம்பர் கடைசில உத்தரகாண்ட்ல இருக்குற கேதார்காந்தா மலைக்கு ட்ரெக் போறோம்னு சொன்னா ஷூ என்ன வாங்குன, ஜாக்கெட் என்ன வாங்குனன்னுதான் கேக்குறாங்க, ராத்திரி டென்ட்டுக்குள்ள எப்படித் தூங்கப் போறன்னு கேக்குற ஆள் ரொம்ப கம்மி. ஆனா சம்மிட் அன்னிக்கு, அதாவது உச்சிக்கு ஏறுற நாள்ல, நடுராத்திரி தாண்டி 3 மணிக்கெல்லாம் எழுப்பி விட்டுடுவாங்க, தூக்கம் இல்லாத உடம்ப வச்சிக்கிட்டு பனில ஏறவே முடியாது. அதனால இந்த போஸ்ட் முழுக்க தூக்கம் பத்திதான்.

டேராடூன்ல விடியக்காலைல வண்டி ஏறுனா மசூரி, புரோலா, மோரின்னு சுத்தி சாங்க்ரி போய் சேர சாயங்காலம் ஆயிடுது. சாங்க்ரி 1,900 மீட்டர் சொச்சம், அங்க ரூம்ல தடியா ரஜாய் (பஞ்சு வச்ச போர்வை) குடுத்துடுவாங்க, பிரச்சனை இல்ல. மறுநாள் பைன் காட்டுக்குள்ள ஏறி ஜூடா கா தாலாப், சுமார் 2,700 மீட்டர், குளம் அப்படியே உறைஞ்சு கெடக்கு. அதுக்கு மேல பேஸ் கேம்ப் கிட்டத்தட்ட 3,400. சூரியன் மலைக்குப் பின்னாடி போன அஞ்சு நிமிஷத்துல கை வெறைக்க ஆரம்பிக்குது பாருங்க, அதெல்லாம் எழுதிப் புரிய வைக்க முடியாது.

கேம்ப்ல வாடகைக்கு குடுக்குற ஸ்லீப்பிங் பேக்ல மைனஸ் 10ன்னு போட்டிருக்கும். அந்த நம்பர் எதோட நம்பர்னு பாக்கணும். ஸ்லீப்பிங் பேக்குக்குன்னே இருக்குற சர்வதேச தரமான ஐஎஸ்ஓ 23537 முறைல டெஸ்ட் பண்ண பேக்ல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு தனித்தனியா இருக்கும், கம்ஃபர்ட்னா சாதாரணமா படுத்துத் தூங்கலாம், லிமிட்னா சுருண்டு படுத்து சமாளிக்கலாம், எக்ஸ்ட்ரீம்ங்கறது உயிர் தப்புற கணக்கு, அத நம்பி எங்கயும் போகக் கூடாது. அதுவும் பல சீசன் பல பேர் படுத்து, அமுக்கிக் கட்டி, கோவேறு கழுதை மேல ஏத்தி இறக்குன பேக்ல உள்ள இருக்குற பஞ்சு தளர்ந்து போயிருக்கும், புதுசுல இருந்த சூடு கெடைக்காது. பேக்குக்குள்ள போட்டு அதுக்குள்ள நாம படுத்துக்குற துணி உறைதான் லைனர், அது இங்கதான் கைகொடுக்குது.

பேக் சூட்டை உண்டாக்காது, நம்ம உடம்புதான் அடுப்பு, பேக் அந்த சூட்டப் பிடிச்சு வைக்குது அவ்ளோதான். பேக் கொஞ்சம் லூசா இருந்தா புரண்டு படுக்குறப்ப எல்லாம் சூடான காத்து வெளிய போயி குளிர் காத்து உள்ள வரும். லைனர் உடம்ப ஒட்டி இன்னொரு அடுக்கா நிக்கிறதால அந்த அசைவு குறையுது. நான் எடுத்துட்டுப் போனது ஃபிளீஸ் (கம்பளி மாதிரி மெத்துன்னு இருக்குற செயற்கைத் துணி) லைனர், கூட வந்த ஃப்ரெண்டு சில்க். சில்க் மடிச்சா கைக்குள்ள அடங்கிடும், எடையும் 150 கிராம் வாக்குலதான், ஆனா பேஸ் கேம்ப் குளிருக்கு ஃபிளீஸ்தான் சரின்னு ரெண்டு பேருக்குமே தெளிவாத் தெரிஞ்சுது. காட்டன் மட்டும் வேண்டவே வேண்டாம், வேர்வை ஈரத்த உறிஞ்சி வச்சிக்கும், காயவும் காயாது. லைனர் வர்ற பாக்கெட் மேல எட்டு டிகிரி கூடும் பத்து டிகிரி கூடும்னு எழுதியிருக்குறத அப்படியே எடுத்துக்காதீங்க, நான் ரெண்டு மூணு டிகிரின்னுதான் கணக்கு வச்சிக்கிறேன்.

ஒண்ணு கவனிங்க, பேக்கே டைட்டா இருந்து உள்ள தடி ஃபிளீஸும் போட்டா பஞ்சு உள்ளயிருந்து அமுங்கி, இருக்குற சூடும் போயிடும். வீட்லயே உள்ள படுத்து முட்டிய மடக்கிப் பாத்துட்டு வாங்குங்க.

அப்புறம் கீழ இருந்து வர்ற குளிர். இத லைனர் தடுக்கும்னு நெனைக்கவே நெனைக்காதீங்க, நம்ம வெயிட்ல அடிப்பக்கம் எல்லாமே நசுங்கிடும், அதுக்கு கீழ விரிக்கிற மேட்தான் வேணும். பனி மேல டென்ட் போட்டிருந்தா இன்னொரு ஃபோம் மேட் கேட்டு வாங்கிப் போடுங்க, கெடைக்கலன்னா காலியான ரக்சாக்க காலுக்கு அடில விரிச்சுக்கலாம்.

படுக்குறதுக்கு முன்னாடி, நடக்குறப்ப போட்டிருந்த துணிய மொத்தமா மாத்திட்டு காஞ்ச தெர்மல், காஞ்ச சாக்ஸ் போட்டுக்கிட்டேன். பாட்டில்ல சுடுதண்ணி புடிச்சு மூடி நல்லா டைட்டா இருக்கான்னு பாத்துட்டு, கால் பக்கம் லைனருக்கும் பேக்குக்கும் நடுவுல வச்சா தோல்ல நேரா சுடாது, விடியற வரைக்கும் கால் வெதுவெதுன்னு இருக்கும், காலைல குடிக்க உறையாத தண்ணியும் ஆச்சு. லைனர் கால்ல சுத்திக்குதுன்னு நெறைய பேர் வெறுத்துடுறாங்க, அடில நாடா இருக்குற மாதிரி வாங்கி பேக்கோட முடிஞ்சுட்டா சுத்தாது. மூஞ்சிய மட்டும் உள்ள இழுத்துக்காதீங்க, மூச்சுல வர்ற ஈரம் லைனர்ல ஏறி விடியக்காலைல அதுவே குளிரும், மூக்குக்கு மட்டும் வழி விட்டு குல்லா போட்டுக்குங்க.

வெயில் வந்ததும் லைனர உருவி டென்ட் கயித்துல போட்டா சீக்கிரம் காஞ்சுடும். பேக்க அடிக்கடி துவைக்க முடியாது, வாடகை பேக்க யார் எப்ப துவைச்சாங்கன்னும் தெரியாது, லைனர் நம்மளோடது, வீட்டுக்கு வந்து துவைச்சுக்கலாம், இதுக்காகவே எந்த சீசன்ல போனாலும் எடுத்துட்டுப் போவேன். ஏப்ரல்ல போறவங்களுக்கு சில்க் போதும்னு நெனைக்கிறேன், டிசம்பர் ஜனவரின்னா வெயிட் பாக்காம ஃபிளீஸ் எடுத்துட்டுப் போங்க.