லண்டனில நான் வெள்ளமாப் போன கதை

யாழ்ப்பாணத்தில வளந்த ஆக்களுக்கு அரசியல்வாதியின்ர உவமை ஒண்டும் புதுசில்லை. வீடு, சைக்கிள், வீணை, உதயசூரியன் எண்டு கட்சிச் சின்னத்தை வைச்சே முழுப் பேச்சும் போகும். வீடு பிளவுபடக்கூடாது எண்டு ஒருத்தர், சைக்கிளுக்குக் காத்துப் போட்டுது எண்டு அடுத்தவர். கோப்பாயில எங்கட சித்தப்பாவோட கூட்டம் கேக்கப் போனா பேச்சாளர் வாய் திறக்க முந்தி அடுத்த வசனத்தை இவர் சொல்லிப்போடுவார். 2024 பொதுத்தேர்தலில தேசிய மக்கள் சக்தியின்ர திசைகாட்டி யாழ் மாவட்டத்தின்ர 6 சீற்றில 3 எடுத்த அண்டைக்கு ஃபோன் எடுத்து, "வீட்டுக்காரருக்கு இப்ப வழி தெரியேல்லையாம்" எண்டு ஒரே சிரிப்பு.

அதால இங்க வந்த புதுசில, இங்கிலிஸ் பிடிபடட்டும் எண்டு நியூஸ் பாக்கேக்க, இவையளின்ர பேச்சு சுகமா விளங்கும் எண்டுதான் நினைச்சன். ஆனா இங்கத்தை உவமையில சின்னம் இல்லை, நாங்கள்தான் இருந்தம்! 2015இல பிரதமரா இருந்த கமரூன் மத்தியதரைக் கடலால வாற சனத்தைப் பூச்சி மொய்ச்சு வாற மாதிரிச் சொன்னார், அப்பவே கனபேர் கண்டிச்சவை. பிறகு தேடிப் பாத்தா இது பழைய வியாதி. 1968இல பவல் எண்ட எதிர்க்கட்சி எம்பி பேர்மிங்ஹாமில, வெளிநாட்டுச் சனம் வந்து குடியேறுறதுக்கு எதிரா, ரோமாபுரி ஆறு ரத்தத்தில நுரைக்கிற கதையைச் சொல்லி, அடுத்த நாளே நிழல் அமைச்சரவையால தூக்கினவை. 1978இல தட்சர், பிரதமரா வர முந்தின வருசம், வேற கலாச்சாரக்காரரால நாடு மூழ்கிப்போடுமோ எண்டு சனம் பயப்பிடுதெண்டு டிவியில சொன்னவ. அவ எலெக்சனில வெண்டவ.

பெற்றோல் செட்டில நைட் ஷிப்ட் நிக்கேக்க ஒரு கிழவன் சிகரெட்டுக்குக் காசு தந்துகொண்டே நாடு நிரம்பிட்டுது எண்டார். நல்ல மனுசன், எனக்கெண்டு சொல்லேல்லை, டிவியில கேட்டது அப்பிடியே வாயில வருது. நிரம்பிறதுக்கு நாடென்ன வாளியோ? ஆனா அதிலதான் கெட்டித்தனம் இருக்கு, வெள்ளம் எண்டு ஒருக்கா ஒத்துக்கொண்டா பிறகு ஒருத்தரும் அதிட்ட பேர் கேக்கமாட்டினம், ஏன் வந்தனி எண்டு கேக்கமாட்டினம், அணையை எவ்வளவு உயரத்துக்குக் கட்டுறது எண்டதுதான் மிச்சக் கதை. 2022இல உள்துறை அமைச்சரா இருந்த பிறேவர்மன், போட்டில வாற சனத்தைப் பற்றி, இங்கிலாந்தின்ர தெற்குக் கரையில படையெடுப்பு நடக்குதெண்டு பாராளுமன்றத்தில சொன்னவ. அவவின்ர தாய் தகப்பன் மொரீசியஸிலயும் கென்யாவிலயும் இருந்து வந்த ஆக்கள்.

இதில எங்கட ஆக்களும் குறைஞ்சவை இல்லை. போன முறை நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் நிக்கேக்க, லண்டனில எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணையும் வந்து சித்தப்பா வீட்டு விறாந்தையில இருந்தவர். அவர் தொண்ணூறுகளில பிரான்சின்ர கலே துறைமுகத்தால லொறிக்குள்ள ஒளிச்சு வந்தவர், இப்ப ரெண்டு கடை. ரீ குடிச்சுக்கொண்டு, "போட்டில அலை அலையா வாறாங்கள் ஐயா, நாடு எங்கையெண்டு தாங்கிறது" எண்டார்.

சித்தப்பா விடுவாரோ. "அப்ப தம்பி, நீர் எத்தினையாவது அலை?"

"நான் லொறியில வந்தனான் ஐயா, அது வேற" எண்டார் அண்ணை, பகிடியாவும் இல்லை. வோட்டும் அணை கட்டுறம் எண்டு சொல்லுற கட்சிக்குத்தானாம், கடைக்கு வரி குறைப்பினமாம்.