குண்டாக இருந்தால் காலியாவா?

நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. எந்த வீட்டில் எந்தக் கார்ட்டூன் ஓடுகிறது என்பது இடைவேளையில் பையன்கள் விளையாடும்போதே தெரிந்துவிடும். எங்கள் மைதானத்தில் பெரும்பாலும் சோட்டா பீம்தான். 2008இல் தொடங்கிய தொடர், பிள்ளைகளுக்கு இன்னும் அலுக்கவில்லை.

யாருக்கு எந்த வேடம் என்பதில் சண்டையே வராது. வேகமாக ஓடுகிறவன், மல்லுக்கு நிற்பவன் நாயகன் பீம். பொடியன் ராஜு. குண்டாக இருப்பவன், அவனைக் கேட்காமலே, பீமோடு மோதும் காலியா.

கார்ட்டூன் என்றதும் பெற்றோர் அடிதடியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எனக்கு நாயகனாக முடியாத பையன்களைப் பற்றித்தான் கவலை. காலியாவுக்குப் பருத்த உடம்பு, அதோடு பொறாமையும் அடாவடியும். டோரேமானில் வரும் ஜியானும் அப்படித்தான். அதே தொடரில் நோபிதா எதற்கெடுத்தாலும் அழுவான், அந்த அழுகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். உடம்பு பெருத்தவன் முரடன், அழுகிறவன் கேலிக்குரியவன் என்று எட்டு வயதுக்குள் மனதில் பதிந்துவிடுகிறது. ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்று வீட்டில் சொல்வது கார்ட்டூனுக்கு முந்தையதுதான். கார்ட்டூன் அதற்கு ஒரு முகம் கொடுத்துவிடுகிறது.

என் வகுப்பில் ஒரு பையன். பெரிய உடம்பு, சாதுவான குணம். பென்சில் இல்லாதவனுக்குத் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். விளையாட்டில் அவனைக் காலியா ஆக்கினார்கள். காலியா என்றால் மற்றவர்களைத் தள்ள வேண்டும், தள்ளினான். கொஞ்ச நாளில் வரிசையில் நிற்கும்போதும் தள்ள ஆரம்பித்தான். அவன் அம்மா வந்து, “தங்கச்சியக்கூட அடிக்க மாட்டானே டீச்சர்” என்று கலங்கினார். அவனிடம் கேட்டேன். “நான் காலியாதானே மிஸ்” என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் வகுப்பில் ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். 2010இல் வந்த படம். ஒல்லிப் பையன் ஹிக்கப், கட்டுண்டு கிடக்கும் டிராகனைக் கொல்லக் கத்தியை ஓங்குகிறான். முடியவில்லை, கயிற்றை அறுத்து விட்டுவிடுகிறான். “பயந்துட்டானா மிஸ்?” என்றான் ஒருவன். “இல்லடா, பாவம்னு விட்டுட்டான்” என்றான் இன்னொருவன். கணக்குப் பாடம் தொடங்கிய பிறகும் அந்த வாக்குவாதம் ஓயவில்லை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்களே பேசட்டும் என்று விட்டேன்.

இப்போது வேடங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். அது நான் வைத்த விதி. அந்தப் பையனுக்கும் பீம் வருகிறது, மெதுவாக ஓடுகிற பீம். வரிசையில் தள்ளுவது முழுதாக நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் படங்கள் திரையிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்துதான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். யார் பீம், யார் காலியா என்பதை அவர்கள் இந்த வயதில்தான் முடிவு செய்கிறார்கள்.