தீவுக்குத் தீவு பாலம் போடலாமா?

மாலத்தீவில் மண் பரிசோதனைக்காக நான் போன தீவுகளில் எல்லாம் ஊர்க்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: "பக்கத்துத் தீவுக்குப் பாலம் வருமா?" போர் போடும் இயந்திரத்தைப் பார்த்தாலே அந்த ஆசை வந்துவிடும். நியாயமான ஆசைதான். பிரசவ வலி வந்தவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கடல் அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டிய ஊர்கள் அவை.

பலரும் நீளத்தைத்தான் பெரிய தடையாக நினைக்கிறார்கள். சீனாவின் ஹாங்காங்–ஜூஹாய்–மக்காவ் கடல் பால இணைப்பு 55 கிலோமீட்டர் நீளம். ஆனால் அது ஆழமில்லாத கழிமுகத்தில் போட்டது. மாலத்தீவின் சுமார் 1,190 தீவுகளும் 26 பவள வளையங்களாக, அதாவது அடோல்களாக, ஆழ்கடலின் நடுவே கிடக்கின்றன. அடோலின் உள்ளே பல இடங்களில் 40, 50 மீட்டர் ஆழம். வெளி விளிம்பைத் தாண்டினால் பாறை செங்குத்தாக இறங்கும். அடோல்களுக்கு நடுவே ஆழம் பல நூறு மீட்டர். ஜப்பானில் 1998-ல் திறந்த அகாஷி கைக்யோ பாலம், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 1,991 மீட்டர் இடைவெளியோடு உலக சாதனை படைத்தது. அதன் கோபுரங்களுக்கே சுமார் 60 மீட்டர் ஆழத்தில்தான் அடித்தளம். இங்கே தெற்கில் அடோல்களுக்கு நடுவே இருக்கும் ஒன்றரை டிகிரி கால்வாய் என்ற கடல் பகுதி 80 கிலோமீட்டருக்கும் மேல் அகலம். அங்கே தூணை எங்கே ஊன்றுவது?

ஆழம் குறைவான இடத்திலும் பூமி சுலபமாக இடம் கொடுப்பதில்லை. பவளச் சுண்ணாம்புப் பாறையில் ஒரு மீட்டர் துளைத்தால் முழுக் கோர், அதாவது உருளையாக வெட்டி எடுக்கும் பாறை மாதிரி, கிடைப்பது அபூர்வம். பாதி, துண்டும் தூளுமாகத்தான் வரும். துளைத்துக்கொண்டே இருக்கும்போது துளைக்கும் கம்பியான ராடு சட்டென்று கீழே இறங்கும். உள்ளே அனுப்பிய தண்ணீர் மேலே திரும்பாது. அடியில் பொந்து இருக்கிறது என்று அர்த்தம். சில மீட்டர் தள்ளிப் போட்ட போர்ஹோலில் அதே ஆழத்தில் கெட்டிப் பாறை வரும். அதனால் தூணுக்கு ஒரு போர்ஹோல் என்ற கணக்கு இங்கே போதாது, தூணைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் ஒவ்வொரு பைலுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது இதில்தான். நான் ஒவ்வொரு முறையும் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

பவள மணல் அதைவிட வம்பு. பைலை அடித்து இறக்கும்போது மணிகள் நொறுங்கிவிடும். பைலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய மண், பிடியை விட்டுவிடும். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் நார்த் ராங்கின் எரிவாயு மேடையை நிறுவியபோது, இதே வகை மணலில் பைல்கள் எதிர்ப்பே இல்லாமல் சரசரவென்று கீழே போய்விட்டன. எங்கள் துறையில் இன்றும் அதைப் பேசுகிறோம். இந்த மாதிரி மண்ணில் துளை போட்டு, கம்பி இறக்கி, கான்கிரீட் நிரப்புவதைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம், "மிதக்கும் பாலம் போடலாமே?" என்பார்கள். நார்வேயில் பெர்கன் அருகே 1994 முதல் அப்படி ஒன்று இருக்கிறது. மிதக்கும் பகுதி மட்டும் 1.2 கிலோமீட்டர், கீழே 500 மீட்டர் வரை ஆழம். ஆனால் அது மலைகளுக்கு நடுவே ஒதுங்கிய நீர். இங்கே காற்றே இல்லாத நாளிலும் தென்கோடிக் கடலில் கிளம்பிய நீளமான அலை வந்துகொண்டே இருக்கும். பார்ஜில், அதாவது தட்டையான வேலைப் படகில், நின்று வேலை பார்த்தவர்களுக்கு அது காலிலேயே தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவில் 2018-ல் தலைநகர் மாலேயையும் விமான நிலையத் தீவான ஹுல்ஹுலேயையும் சினமாலே பாலம் இணைத்தது. கடல் மேல் கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர், தூண்களுக்கு நடுவே பெரிய இடைவெளி 180 மீட்டர். படகுக்காகக் காத்திருந்தவர்கள் மோட்டார் பைக்கில் போக ஆரம்பித்தார்கள். அடுத்து மாலேயிலிருந்து வில்லிமாலே, குல்ஹிஃபல்ஹு வழியாக திலஃபுஷி வரை 6.74 கிலோமீட்டர் இணைப்பு, இந்திய நிதியுதவியோடு கட்டப்படுகிறது. நாட்டு மக்களில் சுமார் 40 சதவீதம் பேர் மாலே வட்டாரத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அந்தக் கூட்டம் இருப்பதால்தான் அவ்வளவு செலவு தாங்கும். ஆயிரம் பேர்கூட இல்லாத இரண்டு தீவுகளுக்கு நடுவே தாங்காது. கட்டிய பிறகு உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் காக்கவே தனிப் பணம் வேண்டும்.

அத்து, லாமு அடோல்களில் ஆழமில்லாத பவளத் திட்டின் மேல் கல்லும் மணலும் கொட்டிச் சாலை போட்டுத் தீவுகளை இணைத்திருக்கிறார்கள். செலவு குறைவுதான். ஆனால் போதுமான திறப்பு விடாமல் கொட்டினால் நீரோட்டம் நின்று உள்ளே மண் சேரும், பவளம் சாகும். மீன் பிடித்துப் பிழைக்கும் ஊரில் அதைச் செய்யவே கூடாது.

இப்போது யாராவது கேட்டால் முதலில் கடல் வரைபடத்தை விரித்து ஆழத்தைக் காட்டுகிறேன். பிறகு, நல்ல அலைத்தடுப்பு உள்ள துறைமுகத்தையும், இரவிலும் ஓடக்கூடிய ஆம்புலன்ஸ் படகையும், நேரம் தவறாத வேகப் படகுச் சேவையையும் கேளுங்கள் என்கிறேன். பாலத்துக்காக ஒரு தலைமுறை காத்திருப்பதைவிட, இவை கையில் கிடைத்தால் பிரசவ வலியோடு யாரும் கரையில் காத்திருக்க வேண்டியதில்லை.