டவரில் வருஷத்துக்கு எத்தனை மின்னல் விழும்?

குன்றின் உச்சியில் நிற்கப்போகும் 60 மீட்டர் டவர் ஒன்றுக்கு இடிதாங்கி, எர்த்திங் எல்லாம் முடிவு செய்யும் வேலை எனக்கு வந்தது. அதற்கு முதலில் வேண்டியது, வருஷத்துக்குச் சராசரியாக எத்தனை மின்னல் விழும் என்ற எண்.

மின்னல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 62305-2 சொல்லும் வழி எளிது. டவரைச் சுற்றி, உயரத்தின் மூன்று மடங்கு ஆரத்தில் ஒரு வட்டம். 180 மீட்டர் ஆரம் என்றால் பரப்பு சுமார் 0.1 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பை, ஒரு சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு எத்தனை மின்னல் தரையைத் தொடுகிறது என்ற எண்ணால் பெருக்க வேண்டும்.

இழுபறியெல்லாம் இந்த இரண்டாவது எண்ணில்தான். செயற்கைக்கோள் தரவு கைவசம் இருந்தது. ஆனால் அது மேகத்துக்குள்ளேயே முடிந்துபோகும் மின்னலையும் சேர்த்து எண்ணும். அப்படியே எடுத்தால் விடை வீங்கிவிடும். கடைசியில் பழைய வழிக்கே போனேன். வருஷத்தில் இடி கேட்கும் நாட்கள் 40, அதில் பத்தில் ஒரு பங்கு 4; அதுதான் ஒரு சதுர கிலோமீட்டருக்கான எண். அதை 0.1 பரப்பால் பெருக்கினால், வருஷத்துக்கு 0.4 மின்னல். டவரின் உயரத்தை வைத்துக் கணக்கிடும் எரிக்சன் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தாலும் 0.42 வந்தது, அப்பாடா என்றிருந்தது. தனியாகக் குன்றின் உச்சியில் நிற்பதால் தரநிலைப்படி இரண்டு மடங்கு: 0.8.

எனக்கு இந்த இரண்டு மடங்கு மட்டும் போதும் என்று தோன்றவில்லை. உயரமான கட்டுமானங்களில் மின்னல் மேலிருந்து விழுவது மட்டுமில்லை, நுனியிலிருந்தே மேல்நோக்கியும் கிளம்பும். சமதளத்தில் இது பெரும்பாலும் 100 மீட்டருக்கு மேல்தான். மலை உச்சியில் அந்த வரம்பு இறங்கிவிடும். சுவிட்சர்லாந்தின் சான் சால்வத்தோரே மலையில் மின்னல் ஆய்வாளர் பெர்கர் ஆராய்ந்த டவர்களின் உயரம் சுமார் 70 மீட்டர்தான், ஆனால் அங்கே பதிவானவற்றில் பெரும்பாலானவை மேல்நோக்கிப் போனவை. வட்டப் பரப்புக் கணக்கில் இந்த வகை வரவே வராது. அதனால் 0.8 என்பது குறைந்தபட்சம் என்று அறிக்கையில் தனியாக எழுதினேன்.

"அப்போ முதல் வருஷம் ஒன்றும் விழாதா?" என்று வேலையைக் கொடுத்தவர்கள் கேட்டார்கள். 0.8 சராசரி என்றால், ஒன்றுகூட விழாத வருஷத்துக்கு வாய்ப்பு 45 சதவீதம். இரண்டோ அதற்கு மேலோ விழ 19 சதவீதம் என்று, சராசரியிலிருந்து இப்படி வாய்ப்புகளைக் கணக்கிடும் பாய்சான் பரவல்படி போட்டுக் காட்டினேன். சரி, இடிதாங்கியிலிருந்து தரைக்கு மின்னலை இறக்கும் கீழிறங்கு கடத்தியில் மின்னல் எண்ணும் கருவி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள் என்றார்கள்.