ஃபில்லரின் வேகத்தைக் கூட்டினேன், எண்ணிக்கை ஏறவில்லை

எங்கள் லைனில் ஃபில்லிங் மெஷினின் வேகத்தை நிமிடத்துக்கு 60 பாட்டிலிலிருந்து 75-க்குக் கூட்டினோம். திரவ சோப்பு நிரப்புகிற லைன். புது பம்ப், புது நாசில், இரண்டு நாள் லைனையே நிறுத்திப்போட்டு வேலை, முடிந்ததும் மெஷின் முன்னால் வரிசையாக நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டோம். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஷிப்டுக்கு அதே 13,500 பாட்டில்தான், சில நாள் அதற்கும் கீழே.

யோசனை என்னுடையது, அதனால் வேறு யாரையும் கைகாட்ட முடியவில்லை. நிரப்புவது, மூடி போடுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது என்று நாலு இடம். அதில் லேபிள் மெஷின் மட்டும் நிமிடத்துக்கு 45 தான் ஓடும், மற்றதெல்லாம் 55-க்கு மேல். மடை குறுகலாக இருக்கும்போது வாய்க்காலை அகலப்படுத்திவிட்டுத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்ட கதைதான். ஆனால் போர்டில் ஃபில்லரின் எண் அழகாக இருந்தது, எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக எஃபிஷியன்சி போட்டு எழுதுகிற பழக்கம் இருக்கிறதே, அது நம்மை நன்றாக ஏமாற்றும்.

கூட்டிய வேகம் எங்கே போனது என்றால், லேபிள் மெஷினுக்கு முன்னால் மேஜையில் குவிந்து நின்றது. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், சுமார் 900 பாட்டில். 45 வேகத்தில் அது தீரவே 20 நிமிடம் ஆகும். இடம் அடைக்கிறது என்பது சின்ன விஷயம். மூடி சரியாக இறுகவில்லை என்றால் அது லேபிள் ஒட்டும்போதுதான் கண்ணில் படுகிறது, அதற்குள் அதே குறையோடு 900 பாட்டில் பின்னால் வரிசையில் நிற்கிறது. அப்படி ஒரு நாள் நடந்தது, கையால் ஒவ்வொன்றாகத் திருகி முடிக்க அடுத்த ஷிப்ட் வந்துவிட்டது.

சரி என்று மூன்று ஷிப்ட் லேபிள் மெஷின் பக்கத்திலேயே ஸ்டாப்வாட்ச்சோடு நின்றேன். 480 நிமிட ஷிப்டில் அது உண்மையில் ஓடியது 300 நிமிடம். சாப்பாடு, டீ 45. ரோல் மாற்ற ஆறு தடவை, தடவைக்கு நாலு நிமிடம். சின்னச் சின்னதாக நின்று நின்று ஓடியதில் 35. மீதி 76 நிமிடமும் பாட்டில் சைஸ் மாற்றுவதில், ஷிப்டுக்கு இரண்டு தடவை.

அந்த சைஸ் மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். ஆப்பரேட்டர் மெஷினை நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் புது லேபிள் ரோலை எடுக்க ஸ்டோருக்குப் போனார். திரும்பி வந்தால் ஆலன் கீயைக் காணோம், பக்கத்து லைனில் கேட்டு வாங்கி வந்தார். பாட்டிலை நேராக ஓடவைக்கும் கைடு ரெயிலின் ஆறு போல்ட்டைத் தளர்த்தி, கண்ணளவில் நகர்த்தி, இறுக்கி, ஒரு பாட்டிலை விட்டுப் பார்த்தார். லேபிள் கோணல். மறுபடி தளர்த்தினார், மறுபடி கோணல். 38 நிமிடம் ஆனது, அதில் அவர் கை மெஷின் மேல் இருந்தது 11 நிமிடம்கூட இருக்காது.

இதற்கு ஜப்பானிய உற்பத்தி நிபுணர் ஷிகியோ ஷிங்கோ எப்போதோ வழி சொல்லிவிட்டார். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியது எது என்று முதலில் பிரி என்பார். டொயோட்டாவில் உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் 1,000 டன் பிரஸ் ஒன்றின் வார்ப்பு அச்சை (டை) மாற்ற நாலு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அதை முதலில் 90 நிமிடத்துக்கும், கடைசியில் 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்கள். நாங்கள் அவ்வளவு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ரோலும் கருவிகளும் ஒரு தள்ளுவண்டியில் முன்கூட்டியே வந்து நிற்கும். ஆறு போல்ட்டுக்குப் பதில் கையால் திருகும் குமிழ். ஒவ்வொரு சைஸுக்கும் ரெயில் எங்கே நிற்க வேண்டும் என்று ஸ்டாப்பர் வைத்து வண்ணம் அடித்துவிட்டோம், கண்ணளவு வேலையே இல்லை. இப்போது 14 நிமிடம். ஒற்றை இலக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மற்ற மெஷின்கள் நிற்கட்டும், லேபிள் மட்டும் நிற்கக் கூடாது என்று ஆள் மாற்றி ஓட்ட ஆரம்பித்தோம். மேஜையில் குவிந்த பாட்டில்கள் இதற்காவது பயன்பட்டன! இரண்டு பேருக்குக் கூடுதலாக அந்த வேலையைச் சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் ஆனது, செலவு என்று பார்த்தால் அவ்வளவுதான். ரோல் மாற்றுவதும் ஒன்றரை நிமிடத்துக்கு வந்தது. எண்ணிக்கை 18,000-ஐத் தொட்டது.

அந்தச் சின்னச் சின்ன நிறுத்தம் மட்டும் குறையவே இல்லை, 40 நிமிடத்துக்கு ஏறிவிட்டது. சென்சாரை மாற்றினோம், பசை அதிகமோ என்று ரோல் சப்ளையரைக் கூப்பிட்டோம், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஆப்பரேட்டரிடம், "அண்ணே, உங்களுக்கு என்ன தோணுது?" என்றேன். அவர் பேசாமல் மேஜையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். வழுக்கியது. "நுரை சார். ஃபில்லரை வேகப்படுத்தினதுல இருந்து வெளியே வழியுது. ஈரத்துல லேபிள் சுருங்குது, நான் துணியால துடைச்சு துடைச்சு விடறேன்."

ஃபில்லரை மறுநாளே பழைய 60-க்கு இறக்கினோம். ஒரு வாரத்தில் நிறுத்தம் 15 நிமிடத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவு செலவு செய்து வாங்கிய பம்ப் ஏன் பழைய வேகத்திலேயே ஓடுகிறது என்று மேலே கேட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை மீட்டிங்கில் நான் பதில் சொல்ல வேண்டும்.